தேர்தல் நேரத்தில் கோயில் கமிட்டி எந்த வழியில் போவது?

அமெரிக்காவில் இரட்டைப்படை ஆண்டுகளில் செப்டம்பர் பிறந்துவிட்டால், கோயில் கமிட்டிகளுக்கும் தமிழ்த் திருச்சபைகளுக்கும் ஒரே மாதிரியான போன் வரத் தொடங்கும். தீபாவளி விழாவுக்கு ஒரு வேட்பாளர் வர ஆசைப்படுகிறார், ஐந்து நிமிடம் மைக் தருவீர்களா? பார்க்கிங் அனுமதி வாங்கித் தந்த கவுன்சிலர் மறுபடி நிற்கிறார், கோயில் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வார்த்தை போடலாமா? செருப்பு வைக்கிற இடத்தில் நோட்டீஸ் வைத்துக்கொள்ளட்டுமா? கமிட்டியில் ஒருவர் “வரிவிலக்கே போய்விடும்” என்று பயமுறுத்துவார். இன்னொருவர் “அந்தத் தடையை 2025-இலேயே எடுத்துவிட்டார்களே” என்பார். இரண்டுமே முழு உண்மை இல்லை.

கமிட்டி முன்னால் உள்ளவை நான்கு வழிகள். இருக்கிற வரிவிலக்கை வைத்துக்கொண்டு, அது அனுமதிக்கும் பொது வேலைகளை முழுமையாகச் செய்வது ஒன்று. நிறுவனம் ஒதுங்கி நிற்க, ஆட்கள் தங்கள் சொந்தப் பெயரில் இறங்குவது இரண்டாவது. பக்கத்தில் தனி அமைப்பு தொடங்கி அரசியல் வேலையை அதனிடம் விடுவது மூன்றாவது. வரிவிலக்கே வேண்டாம் என்று விட்டுவிடுவது நான்காவது. இவை போக, “யார் வந்து கேட்கப்போகிறார்கள்” என்று வரிவிலக்கோடே பிரசாரமும் செய்கிற வழி ஒன்று இருக்கிறது. பலரும் அதில் போவதால் அதையும் எடைபோட வேண்டியிருக்கிறது.

எங்கள் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பெரும்பாலான கோயில்களுக்கும் சபைகளுக்கும் முதல் இரண்டு வழிகளைச் சேர்த்துப் பிடித்தாலே போதும். சட்டம் தருகிற இடத்தில் பாதியைக்கூட அவர்கள் பயன்படுத்துவதில்லை. மூன்றாவது வழி, ஆண்டு முழுக்க ஒரு கோரிக்கையோடு இயங்குகிறவர்களுக்கு மட்டும். நான்காவது யாருக்கும் வேண்டாம். அதற்கான காரணம் பலரும் நினைப்பது போல வரிப்பணம் அல்ல.

சட்டம் எதைத் தடுக்கிறது

வரிச்சட்டத்தின் 501(சி)(3) பிரிவில் வரிவிலக்குப் பெற்ற அமைப்பு (சுருக்கமாக சி-3), பொதுப் பதவிக்கு நிற்கும் எந்த வேட்பாளருக்காகவும் பிரசாரத்தில் ஈடுபடக் கூடாது. 1954-இல் டெக்சாஸ் செனட்டராக இருந்த லிண்டன் ஜான்சன் கொண்டுவந்த திருத்தம் இது. வேட்பாளரை எதிர்ப்பதும் அடங்கும் என்பதை 1987-இல் வெளிப்படையாகச் சேர்த்தார்கள். மதத்தைக் குறிவைத்த சட்டம் என்று சிலர் சொல்வது தவறு. மருத்துவமனை, பல்கலைக்கழகம், தமிழ்ச் சங்கம் எல்லாவற்றுக்கும் இதே விதிதான்.

இந்தியாவிலிருந்து வந்த நிர்வாகிகள் இதை அங்குள்ள சட்டத்தோடு குழப்பிக்கொள்வதுண்டு. அங்கே 1988-ஆம் ஆண்டின் மத நிறுவனங்கள் தவறாகப் பயன்படுத்தலைத் தடுக்கும் சட்டப்படி, கோயில் இடத்தை அரசியலுக்குப் பயன்படுத்துவது குற்றம்; ஐந்து ஆண்டு வரை சிறையும் உண்டு. இங்கே அப்படி இல்லை. பேசினால் யாரும் கைது செய்யப்போவதில்லை. “பேசு, ஆனால் வரிச்சலுகைப் பணத்தில் பேசாதே” என்பதுதான் இங்குள்ள ஏற்பாடு.

தடையில் இரண்டு அடுக்குகள் உண்டு. வேட்பாளர் விஷயத்தில் அனுமதி பூஜ்யம். ஒரு டாலருக்கும் ஒரு வாக்கியத்துக்கும் இடமில்லை. சட்டமசோதா, வாக்காளர்கள் நேரடியாக ஓட்டுப்போடும் பொதுவாக்கெடுப்புத் தீர்மானம் போன்றவற்றில் அளவான அனுமதி உண்டு. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டு, கமிட்டிகள் செய்யக்கூடியதைச் செய்யாமலும் செய்யக்கூடாததைச் செய்தும் மாட்டிக்கொள்கின்றன. பள்ளி வாரியத் தேர்தல் “அரசியல் இல்லை, கட்சிச் சின்னமே கிடையாது” என்று நினைத்து, உறுப்பினர் ஒருவர் நிற்கும்போது கோயில் மின்னஞ்சலில் ஓட்டுக் கேட்பது அடிக்கடி நடக்கிறது. உள்ளூர்ப் பதவியும் பொதுப் பதவிதான். சட்டத்தின் வாசகத்தில் அமெரிக்கப் பதவி என்றும் இல்லை. ஆகவே தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வரும் வேட்பாளருக்குக் கோயில் மண்டபத்தில் ஓட்டுக் கேட்கிற கூட்டம் நடத்துவதையும் தவிர்ப்பதே நல்லது.

இன்னொரு விஷயம். வரித்துறையான ஐ.ஆர்.எஸ். கணக்கில் கோயில், மசூதி, குருத்வாரா எல்லாமே ‘சர்ச்’ வகைதான். அந்த வகைக்கு விலக்கு தானாகவே வரும்; விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கும் படிவம் 1023 போட வேண்டிய கட்டாயமோ ஆண்டுதோறும் கணக்குக் காட்டும் படிவம் 990 தாக்கல் செய்யும் கட்டாயமோ இல்லை. தமிழ்ச் சங்கம் அப்படி அல்ல. இந்த வேறுபாடு கீழே ஓரிடத்தில் சங்கத்துக்குச் சாதகமாகவே திரும்பும்.

முதல் வழி: இருக்கிற இடத்திலேயே இருப்பது

செலவு ஏதும் இல்லை, புதிய படிவமும் இல்லை. ஒழுங்கு மட்டும் வேண்டும். ஐ.ஆர்.எஸ். 2007-இல் வெளியிட்ட 2007-41 என்ற விளக்க ஆணையில் 21 சூழ்நிலைகளை எடுத்துச் சொல்லி, எது சரி எது தவறு என்று விளக்கியிருக்கிறது. கமிட்டிச் செயலாளர் யாராவது ஒருவர் அதை ஒருமுறை படித்துவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

அதில் ஒன்று, நம் விழா மேடைக்கென்றே எழுதியது போல இருக்கும். இலவச இசை நிகழ்ச்சி நடத்தும் ஓர் அமைப்பின் மேடையில் மேயரை வரவேற்கிறார்கள். அதுவரை தவறில்லை. “இவர் உதவியால்தான் இந்த நிகழ்ச்சியே நடக்கிறது, நவம்பரில் நீங்களும் இவருக்குத் துணை நில்லுங்கள்” என்று சொன்ன கணத்தில் அது பிரசாரம் ஆகிவிடுகிறது. பார்க்கிங் அனுமதி வாங்கித் தந்த கவுன்சிலருக்குப் பொன்னாடை போர்த்தலாம், பெயரைச் சொல்லி நன்றி கூறலாம், பிரசாதம் கொடுக்கலாம். “நம்ம அடுத்த மேயர்” என்று தொகுப்பாளர் உற்சாகத்தில் சொல்லும் அந்த மூன்று சொல்தான் ஆபத்து. ஆகவே தொகுப்பாளர் கையில் எழுதிய தாள் இருக்க வேண்டும். வேட்பாளர் நிற்கும் பதவியின் பெயரோ தேர்தல் தேதியோ அந்தத் தாளில் இருக்கக் கூடாது. வந்தவர் மேடையில் ஓட்டுக் கேட்கக் கூடாது, தட்டு ஏந்தி நிதி திரட்டக் கூடாது என்பதை அழைப்புக் கடிதத்திலேயே எழுதிவிட வேண்டும்.

வேட்பாளர் என்ற முறையிலேயே அழைப்பதானால் எல்லாருக்கும் ஒரே வாய்ப்பு தர வேண்டும். ஒரே நாளில் என்றில்லை, ஆனால் ஒப்பான வாய்ப்பு. ஒருவருக்கு ஆயிரம் பேர் கூடும் தீபாவளி விருந்து, மற்றவருக்கு இருபது பேர் வரும் வியாழக்கிழமை பஜனை என்றால் அது சமவாய்ப்பு ஆகாது. இதையும் அந்த ஆணையே சொல்கிறது. ஒருவர் வர மறுத்தால் அழைத்ததற்கான மின்னஞ்சலையும் அவர் பதிலையும் பத்திரமாக வைத்திருங்கள். மண்டபத்தை வாடகைக்கு விடலாம். திருமண வரவேற்புக்கு 800 டாலர் வாங்கினால் வேட்பாளரிடமும் 800 டாலர்தான். முதலில் கேட்டவருக்கு முதலில். தள்ளுபடி கொடுத்தால் அந்தத் தள்ளுபடியே கோயில் தந்த நன்கொடையாகிவிடும். வாக்காளர் பதிவு மேசை போடலாம், ஆனால் மேசையில் உட்கார்ந்திருப்பவர் “யாருக்குப் போடப்போகிறீர்கள்” என்று பேச்சுக் கொடுக்கக் கூடாது.

சட்டமசோதா பக்கம் வந்தால் இடம் தாராளம். கலிபோர்னியாவில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்கும் எஸ்.பி. 403 மசோதா வந்தபோது இந்து அமைப்புகளும் தலித் உரிமை அமைப்புகளும் எதிரெதிர் அணியில் நின்று சட்டமன்ற உறுப்பினர்களைச் சந்தித்தன. 2023 அக்டோபரில் ஆளுநர் நியூசம் அதை நிராகரித்தார். எந்தப் பக்கம் நின்றாலும், மசோதாவை ஆதரிப்பதும் எதிர்ப்பதும் சி-3 அமைப்புக்கு அனுமதிக்கப்பட்ட வேலையே. பென்சில்வேனியாவில் 2024-இலும் கலிபோர்னியாவில் 2025-இலும் தீபாவளியை மாநில விடுமுறையாக ஏற்ற சட்டங்களுக்குக் குரல் கொடுத்ததும் இதே கணக்கில் வரும். கோயில் விரிவாக்கத்துக்கு நிலப்பயன்பாட்டு (ஜோனிங்) அனுமதி வாரியத்தின் முன் வாதாடுவது சட்டமியற்றலில் சேராது. அது நிர்வாக அனுமதி.

எவ்வளவு செய்யலாம்? மொத்த நடவடிக்கையில் ‘கணிசமான பகுதி’ ஆகக் கூடாது என்று மட்டும் சட்டம் சொல்கிறது, எண் தரவில்லை. 1955-இன் ஒரு வழக்கில் 5 சதவீதத்துக்குக் குறைவானது கணிசமானதல்ல என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. 1972-இல் இன்னொரு நீதிமன்றம் சதவீதக் கணக்கையே ஏற்க மறுத்தது. கணக்காளர்கள் பழக்கத்தில் 5 சதவீதத்தைப் பாதுகாப்புக் கோடாக வைத்துக்கொள்கிறார்கள். தன்னார்வலர்களின் நேரமும் இதில் எண்ணப்படும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

தமிழ்ச் சங்கம் சர்ச் வகையில் வராததால் அதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. ஒரே பக்கமுள்ள படிவம் 5768-ஐப் போட்டுவிட்டால் இந்த மங்கலான அளவுகோல் போய், பணத்தை மட்டும் எண்ணும் கணக்கு வந்துவிடும்: ஆண்டுச் செலவில் முதல் 5 லட்சம் டாலரில் 20 சதவீதம், அதற்குமேல் படிப்படியாகக் குறைந்து, உச்சவரம்பு 10 லட்சம் டாலர். ஆண்டுக்கு 2 லட்சம் டாலர் செலவழிக்கும் சங்கம் 40,000 டாலர் வரை மசோதா வேலைக்குச் செலவிடலாம். அதில் கால் பங்கு வரைதான் பொதுமக்களை நோக்கிய பிரசாரத்துக்கு. கோயிலுக்கும் திருச்சபைக்கும் இந்தத் தேர்வு கிடையாது. ஆகவே ஊரில் கோயிலும் சங்கமும் இரண்டும் இருந்தால், மசோதா வேலையைச் சங்கத்தின் பொறுப்பில் விடுவது புத்திசாலித்தனம்.

இரண்டாவது வழி: ஆட்கள், நிறுவனம் அல்ல

அறங்காவலரும் போதகரும் குடிமகனாகத் தங்கள் உரிமையை இழப்பதில்லை. ஒரு வேட்பாளரின் அலுவலகத்துக்குப் போய் செய்தியாளர் முன் “இவரை ஆதரிக்கிறேன்” என்று போதகர் சொல்லலாம். சபை சார்பாகச் சொல்லவில்லை என்றால் சபைக்குப் பாதிப்பில்லை. வேட்பாளர் காசு கொடுத்துப் போடும் விளம்பரத்தில், பதவி அடையாளத்துக்காக மட்டும் என்ற குறிப்போடு பெயர் வரலாம். அதே வார்த்தையைச் சொந்தக் காசில் கோயில் செய்திமடலில் போட்டால்கூடத் தவறு. யார் பணம் என்பது மட்டுமல்ல, யாருடைய மேடை என்பதும் பார்க்கப்படும். செயலாளர் நடத்தும் கோயில் வாட்ஸ்அப் குழு கோயிலின் மேடை. அவருடைய தனிக் கணக்கு அவருடையது. கோயிலின் பெயரும் கோபுரப் படமும் முகப்பில் இருந்தால் அந்த வாதம் எடுபடாது.

பணம் என்று வந்தால் இன்னொரு சுவர் குறுக்கே நிற்கும். குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர் எந்த மட்டத்திலான அமெரிக்கத் தேர்தலுக்கும் பணம் கொடுக்கக் கூடாது. எச்-1பி, எச்-4, எஃப்-1, ஆர்-1 விசாக்கள் எல்லாமே இதில் வரும். நம் கோயில்களுக்கு வருபவர்களில் இந்த விசாக்காரர்கள் பலர். “என் பெயரில் போடு, நான் உனக்குத் தருகிறேன்” என்று குடியுரிமை உள்ள நண்பருக்குப் பணம் கொடுப்பது அதைவிடப் பெரிய தவறு. பிறர் பெயரில் நன்கொடை தருவது தனிக் குற்றம். தகுதியுள்ளவர் 2025-26 தேர்தல் சுற்றில் ஒரு கூட்டாட்சி வேட்பாளருக்குத் தேர்தல் ஒன்றுக்கு 3,500 டாலர் வரை தரலாம். முதல்நிலைத் தேர்தலும் பொதுத்தேர்தலும் தனித்தனி.

மூன்றாவது வழி: பக்கத்தில் ஒரு சி-4

இதன் நியாயம் ஒரு வழக்கிலிருந்து வருகிறது. நியூயார்க் மாநிலம் பிங்ஹாம்டன் அருகே உள்ள பியர்ஸ் கிரீக் சர்ச், 1992 அக்டோபர் 30 அன்று, அதிபர் தேர்தலுக்கு நான்கு நாள் முன்பு, யு.எஸ்.ஏ. டுடே, வாஷிங்டன் டைம்ஸ் இரண்டு நாளிதழ்களிலும் முழுப்பக்க விளம்பரம் போட்டது. பில் கிளிண்டனுக்கு ஓட்டுப்போடாதீர்கள் என்று கிறிஸ்தவர்களை எச்சரித்த விளம்பரம். அடியில், இந்த விளம்பரச் செலவுக்கு வரிக்கழிவுள்ள நன்கொடைகள் வரவேற்கப்படுகின்றன என்று சர்ச்சின் பெயரோடு ஒரு வரி! ஐ.ஆர்.எஸ். 1995 ஜனவரியில் விலக்கை ரத்து செய்தது. 2000-இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த ரத்தை உறுதி செய்தது. பேச்சுரிமை பறிபோகிறதே என்ற வாதத்துக்கு நீதிமன்றம் சொன்ன பதில் இதுதான்: சர்ச் ஒரு 501(சி)(4) துணை அமைப்பைத் தொடங்கலாம், அந்த அமைப்பு ஓர் அரசியல் நிதிக்குழுவைத் தொடங்கலாம்; பேச வழி அடைபடவில்லை, வரிச்சலுகைப் பணம் அதில் கலக்கக் கூடாது, அவ்வளவுதான்.

சி-4 என்பது சமூகநல அமைப்பு. அதன் வருமானத்துக்கு வரி இல்லை, ஆனால் அதற்குக் கொடுப்பவருக்கு வரிக்கழிவும் இல்லை. மசோதா வேலைக்கு அளவே கிடையாது. வேட்பாளர் பிரசாரமும் செய்யலாம், ஆனால் அது முதன்மை வேலையாக ஆகிவிடக் கூடாது.

தொடங்குவது கடினமில்லை. மாநிலத்தில் லாபநோக்கற்ற கழகமாகப் பதிவு, தனி வரி அடையாள எண், தனி வங்கிக் கணக்கு, தனி நிர்வாகக் குழு. பதிவான 60 நாளுக்குள் படிவம் 8976-ஐ இணையத்தில் 50 டாலர் கட்டணத்தோடு போட வேண்டும். தவறினால் நாளுக்கு 20 டாலர், 5,000 டாலர் வரை தண்டம். ஆண்டுதோறும் படிவம் 990 வகையில் ஒன்று கட்டாயம். வரவு 50,000 டாலருக்குள் என்றால் இணைய அஞ்சலட்டை அளவிலான 990-என் போதும். மூன்று ஆண்டு தொடர்ந்து விட்டுவிட்டால் விலக்கு தானாகவே போய்விடும். ஆரம்ப உற்சாகம் வற்றிய சி-4-கள் அதிகம் விழுவது இங்கேதான்.

கஷ்டம் தொடங்கிய பிறகு வருகிறது. கோயில் அலுவலகத்தில் ஒரு மேசையை சி-4 பயன்படுத்தினால் வாடகை, கோயில் ஊழியர் வாரம் இரண்டு மணி நேரம் அதற்கு வேலை செய்தால் சம்பளப் பங்கு, நகல் இயந்திரக் காகிதம்வரை எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, சந்தை விலையில் மாதாமாதம் கோயிலுக்குப் பணம் வர வேண்டும். கோயிலின் பக்தர் பட்டியலைச் சும்மா கொடுத்துவிடக் கூடாது. உண்டியல் பணத்தில் ஒரு காசுகூட வேட்பாளர் பிரசாரத்துக்குப் போகக் கூடாது. கோயிலிலிருந்து சி-4-க்கு மானியம் போனால், அறப்பணிக்கு மட்டும் என்று கட்டுப்பாடு எழுதி, கணக்கையும் தனியாக வைக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே செயலாளர் இருக்கலாம். எந்தக் கூட்டத்தில் எந்த அமைப்பின் செயலாளராகக் கையெழுத்திட்டார் என்பது கூட்டக் குறிப்பில் தெளிவாகத் தெரிய வேண்டும்.

அதற்கும் அடுத்த படி, ‘பேக்’ எனப்படும் அரசியல் நிதிக்குழு. கோயில் நேரடியாக அதைத் தொடங்க முடியாது, சி-4 தொடங்கலாம். கூட்டாட்சி வேட்பாளர்களுக்கானது என்றால் பத்து நாளுக்குள் தேர்தல் ஆணையத்தில் பதிவு, பொருளாளர் இல்லாமல் ஒரு டாலரும் வரவு செலவு செய்யக் கூடாது, ஆண்டில் 200 டாலருக்கு மேல் தந்தவர் பெயரும் வேலையும் பொதுப்பதிவில் வரும், ஒருவரிடம் ஆண்டுக்கு 5,000 டாலர் வரைதான் வாங்கலாம். சி-4-இன் உறுப்பினர்களிடம்தான் நிதி கேட்கலாம். கோயிலுக்கு வருகிறவர்கள் எல்லாரும் சி-4-இன் உறுப்பினர்கள் ஆகிவிட மாட்டார்கள். இந்த இடத்தில் பலர் சறுக்குகிறார்கள்.

இன்னும் பெரிய சறுக்கல், நிர்வாகக் குழுவில் இருக்கும் எச்-1பி உறுப்பினர். விசாக்காரர் பணம் தரக்கூடாது என்பது மட்டுமல்ல. எந்த வேட்பாளருக்குச் செலவழிப்பது என்ற முடிவிலேயே அவர் பங்கெடுக்கக் கூடாது. தேர்தல் செலவு பற்றிய பேச்சு வரும்போது அவர் அறையை விட்டு எழுந்து போக வேண்டும், அது குறிப்பில் ஏற வேண்டும். ஏழு பேர் குழுவில் நான்கு பேர் எழுந்து போக வேண்டிய நிலை என்றால் அந்த ஊரில் சி-4 வேண்டாம்.

ஆண்டு முழுக்க ஒரு கோரிக்கையை இழுத்துக்கொண்டு போகிற ஆட்களும், தனிக் கணக்காளருக்குக் கொடுக்கப் பணமும் இருந்தால் மட்டும் இந்த வழி. ஒரு தேர்தலுக்காக ஆகஸ்டில் தொடங்கி நவம்பரில் மறந்துவிடுவதற்கு இது சரிப்படாது.

நான்காவது வழி: வரிவிலக்கை விட்டுவிடுவது

“சலுகையும் வேண்டாம், கட்டுப்பாடும் வேண்டாம்” என்று சொல்வது கம்பீரமாக இருக்கிறது. பணக்கணக்கு நினைப்பதைவிடக் குறைவாகவே இடிக்கும். காணிக்கை என்பது அன்பளிப்பு. அன்பளிப்பு பெறுபவருக்கு அது வருமானமல்ல என்பதால் 21 சதவீதக் கழக வரி அதன்மேல் பெரிதாக விழாது. பியர்ஸ் கிரீக் வழக்கில் நீதிபதிகளே இதைச் சுட்டிக்காட்டி, ரத்தின் விளைவு நிஜத்தைவிட அடையாளமாகவே இருக்கும் என்று எழுதினார்கள். இழப்பு கொடுப்பவர் பக்கம்தான் அதிகம்: செலவுகளைப் பட்டியலிட்டு வரிக்கழிவு கேட்கும் பெரிய நன்கொடையாளர், கும்பாபிஷேகத்துக்கு 25,000 டாலர் தருகிறவர், கைச் சுருக்கிக்கொள்வார். அதற்கு ஈடாக அவர் வேலை செய்யும் நிறுவனம் தரும் இணைநன்கொடையும் நின்றுவிடும். சொத்துவரி விலக்கு மாநிலச் சட்டப்படி தனியாக நடப்பது. மாநிலத்துக்கு மாநிலம் மாறும். விற்பனைவரி விலக்கும் கூட்டாட்சி வேலையின்மை வரி விலக்கும் இதோடு ஆட்டம் காணும்.

உண்மையான அடி வேறிடத்தில். தமிழ்நாட்டிலிருந்து சிவாச்சாரியாரையோ பட்டாச்சாரியாரையோ போதகரையோ ஆர்-1 விசாவில் கொண்டுவர, அழைக்கும் நிறுவனம் விலக்கை உறுதி செய்யும், செல்லுபடியாகும் ஐ.ஆர்.எஸ். தீர்மானக் கடிதத்தைக் காட்ட வேண்டும். அந்த விசா அதிகபட்சம் ஐந்து ஆண்டு. ஆகவே எந்த நேரமும் ஒரு மனு ஓடிக்கொண்டிருக்கும். விலக்கு போன நாள் அந்தக் கடிதம் வெறும் காகிதம். பெரிய கோயிலில் ஆறு அர்ச்சகர் இருந்தால் ஆறு குடும்பத்தின் புதுப்பித்தல் நின்றுபோகும். எங்களைக் கேட்டால் இந்த ஒரு காரணமே நான்காவது வழியை மூடப் போதும். விலக்கு தானாகவே வருகிறதே என்று இதுவரை படிவம் 1023 போடாத கோயில்களுக்கும் சேர்த்துச் சொல்கிறோம்: அர்ச்சகரை அழைக்கும் எண்ணம் இருந்தால் போட்டுக் கடிதம் வாங்கிவிடுங்கள்.

அரசியல் பிரசாரத்தால் சி-3 தகுதி இழந்த, சர்ச் வகையில் வராத அமைப்பு, அப்படியே சி-4 ஆக மாறிக்கொள்ளவும் முடியாது. வரிச்சட்டத்தின் 504-ஆம் பிரிவு அந்தக் கதவை அடைத்திருக்கிறது.

“யார் கேட்கிறார்கள்” வழி

இதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. சர்ச்சுகளை ஐ.ஆர்.எஸ். விசாரிக்க 1984-இன் தனி நடைமுறைச் சட்டம் குறுக்கே நிற்கிறது: உயர்மட்ட அதிகாரி எழுத்தில் நியாயமான சந்தேகம் பதிய வேண்டும், அறிவிப்பு தர வேண்டும், சோதனைக்கு முன் பேச்சுவார்த்தைக்கு வாய்ப்புத் தர வேண்டும். அந்த அதிகாரி யார் என்பதிலேயே 2009-இல் மினசோட்டா நீதிமன்றத்தில் ஐ.ஆர்.எஸ். தோற்றது. 2008-இல் தொடங்கி நூற்றுக்கணக்கான போதகர்கள் வேண்டுமென்றே மேடையில் வேட்பாளர் பெயர் சொல்லி, பிரசங்கத்தை ஐ.ஆர்.எஸ்.-க்கே அனுப்பினார்கள், பெரிய நடவடிக்கை வரவில்லை. பசடேனாவின் ஆல் செயிண்ட்ஸ் சர்ச்சில் 2004 தேர்தலுக்கு இரண்டு நாள் முன் முன்னாள் போதகர், அதிபர் வேட்பாளர்கள் புஷ், கெர்ரி இருவரோடும் இயேசு விவாதிப்பதாகக் கற்பனை செய்து, ஈராக் போரைக் கண்டித்துப் பிரசங்கம் செய்தார். யாருக்கு ஓட்டு என்று சொல்லவில்லை. விசாரணை 2007 வரை இழுத்தது. அது தலையீடுதான் என்று ஐ.ஆர்.எஸ். எழுதியது, ஆனால் விலக்கு போகவில்லை.

2025 ஜூலையில் நடந்ததைத்தான் பலர் “தடை போய்விட்டது” என்கிறார்கள். நேஷனல் ரிலிஜியஸ் பிராட்காஸ்டர்ஸ் அமைப்பும் டெக்சாஸின் இரண்டு சர்ச்சுகளும் தொடுத்த வழக்கில், ஐ.ஆர்.எஸ். அவர்களோடு சேர்ந்து நீதிமன்றத்தில் ஒரு கூட்டு மனு போட்டது. வழிபாட்டின்போது, வழக்கமான தொடர்பு வழியில், தன் சபையாரிடம், நம்பிக்கையின் கண்ணோட்டத்தில் வேட்பாளர் பற்றிப் பேசினால் அது பிரசாரத் தலையீடு அல்ல என்பது அதன் சாரம். மனு அந்த வழக்குக்காரர்களைப் பற்றியது. சட்டத்தில் ஒரு சொல்லும் மாறவில்லை. செய்தித்தாள் விளம்பரம், வேட்பாளருக்கு நன்கொடை, வெளியாட்களுக்கு நோட்டீஸ் எதையும் அது தொடவே இல்லை. வாராந்தரப் பிரசங்கம் உள்ள திருச்சபைக்காவது அந்த வாசகம் ஓரளவு பொருந்தும். அபிஷேகத்துக்கும் அர்ச்சனைக்கும் நடுவே மைக்கில் அறிவிப்புச் செய்யும் கோயிலுக்கு அதை நீட்டுவது சிரமம்.

காலக்கணக்கையும் பாருங்கள். சர்ச்சின் விலக்கைப் பற்றிய சோதனையில் அதற்கு முந்தைய மூன்று வரி ஆண்டுகளைத் தோண்டலாம். இன்றைய ஐ.ஆர்.எஸ். கண்டுகொள்ளாததை அடுத்த நிர்வாகத்தின் ஐ.ஆர்.எஸ். எடுத்துப் பார்க்கலாம். யூடியூபில் நேரலை போட்ட விழா அப்படியே கிடக்கும்.

தவறு நடந்துவிட்டால்

விலக்கு ரத்துக்கு முன்பாகவோ அதோடு சேர்த்தோ 4955-ஆம் பிரிவின் தண்டவரி உண்டு. கோயில் 3,000 டாலரில் வேட்பாளர் விளம்பரம் போட்டது என்று வைத்துக்கொள்வோம். கோயிலுக்கு 10 சதவீதம், 300 டாலர். தவறு என்று தெரிந்தே ஒப்புதல் கொடுத்த அறங்காவலருக்குச் சொந்தப் பையிலிருந்து 2.5 சதவீதம், 75 டாலர். திருத்தாவிட்டால் கோயிலுக்கு 100 சதவீதம், 3,000. திருத்த மறுத்த அறங்காவலருக்கு 50 சதவீதம், 1,500. தொகை சிறிதுதான், ஆனால் இரண்டாம் கட்டத்தைத் தவிர்ப்பது கமிட்டியின் கையில் இருக்கிறது.

திருத்துவது என்றால்: பதிவை நீக்குவதற்கு முன் தேதியோடு படம் எடுத்து வைப்பது, செலவான பணத்தை விளம்பரம் வெளியிட்டவரிடமிருந்தோ ஒப்புதல் கொடுத்தவரிடமிருந்தோ முடிந்தவரை திரும்பப் பெறுவது, தவறு எங்கே சொல்லப்பட்டதோ அதே குழுவில், அதே மின்னஞ்சல் பட்டியலில், கோயில் எந்த வேட்பாளரையும் ஆதரிப்பதில்லை என்று அறிவிப்பது, இனி மேடை, வாட்ஸ்அப், அறிவிப்புப் பலகை மூன்றுக்கும் யார் அனுமதி தருவது என்று தீர்மானம் போட்டுக் குறிப்பில் ஏற்றுவது. அந்த விளம்பரத்துக்கென்று யாராவது நன்கொடை தந்து, அதற்கு வரிக்கழிவு வாசகத்தோடு ரசீது போயிருந்தால், அந்த ரசீதைத் திரும்பப் பெற்றுத் திருத்தி அனுப்ப வேண்டும். பெரும்பாலும் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். பியர்ஸ் கிரீக் விளம்பரத்தின் அடியிலும் இப்படி வரிக்கழிவைச் சொன்ன ஒரு வரி இருந்தது.